நான்காம் வார்டின் உறவு

செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவு பெரும்பாலும் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. ஆனால் பரேலில், மும்பை மாநகராட்சியின் கே.இ.எம். மருத்துவமனையில், அது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. அங்கே செவிலியராகப் பணியாற்றிய அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று துப்புரவு ஊழியர் ஒருவரால் தாக்கப்பட்டு, நாய்ச்சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டதில் மூளை சிதைந்து, பேச்சும் நடமாட்டமும் இழந்தார்.

அவரை நான்காம் வார்டையொட்டிய அறையில் வைத்துக் காத்தவர்கள் அம்மருத்துவமனைச் செவிலியரே. உணவை மசித்து ஊட்டி, உடல் துடைத்து, வேளை தவறாமல் புரட்டிப் படுக்கவைத்தார்கள். ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து ரத்த ஓட்டம் குறைவதால் தோல் அழுகி உண்டாகும் படுக்கைப்புண், அத்தனை ஆண்டுகள் கிடந்த அவருக்கு வராமல் காத்தது மருந்தல்ல, அந்தக் கைகளே. அவர் நலமாயிருந்த நாளில் அவரைக் கண்டிராத இளம் செவிலியரும் இப்பொறுப்பை ஏற்றனர் என்பதே இதில் மிகப் பெரிது.

எழுத்தாளர் பிங்கி விரானி, அருணாவின் உயிரைச் செயற்கையாக நீட்டிக்க வேண்டாமெனக் கோரி மனு செய்தபோது, 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளுபடி செய்து, அருணாவின் சார்பில் முடிவெடுக்கும் உரிமை கே.இ.எம். ஊழியர்களுக்கே உரியதென ஏற்றது. நிமோனியாவால் 2015 மே 18 அன்று அருணா இறந்தபோது, சொந்தபந்தத்தைப் பறிகொடுத்தவர்களாய் அழுதவர்கள் அந்தச் செவிலியரே.