சொட்டு மருந்தும் ரத்தப் பையும்

எண்பதுகளின் தொடக்கத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் எந்தத் தெருவிலும் போலியோவால் கால் சூம்பிய பிள்ளை ஒன்றைப் பார்க்க முடிந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான் அதற்கு ஒரு காரணமும் வழியும் சொன்னார். மேல்நாட்டுக் குழந்தைகளுக்கு மூன்று தவணையே போதுமாக இருந்த சொட்டு மருந்து நம் குழந்தைகளுக்குப் போதவில்லை. தவணையைக் கூட்ட வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கொடுத்தால் கிருமி தங்க இடமிருக்காது. வேலூரில் அப்படிக் கொடுத்துப் போலியோவைக் கட்டுப்படுத்திய விவரம் 1983-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வந்தது. 1985-இல் ரோட்டரி சங்கம் போலியோ ஒழிப்பை உலகப் பணியாக ஏற்றது. 1995 டிசம்பரில் அந்த ‘ஒரே நாள்’ முறை நாடு முழுமைக்கும் ஆனது.

ஒரே நாள் என்றால் ஆள் வேண்டும். அரசு ஊழியர் மட்டும் போதாது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இன்று நாற்பது லட்சத்தை ஒட்டி நிற்கிறது. அந்த மாணவர்கள்தாம் பள்ளித் திண்ணையிலும் பேருந்து நிலையத்திலும் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். ஐஸ் பெட்டியைக் காப்பது ஒருவர், வாயைத் திறக்க வைப்பது ஒருவர், இடது சுண்டு விரலில் மை வைப்பது ஒருவர். ரோட்டரி, லயன்ஸ் சங்கத்தார் பந்தலும் டீயும் மதியப் பொட்டலமும் பார்த்துக்கொண்டார்கள். (ஆம்பூரில் பொட்டலம் பிரியாணி என்று தெரிந்தால் தொண்டர்களுக்குப் பஞ்சமிருக்காது.) விடுபட்ட குழந்தைகளைத் தேடி மறுநாள் வீடு வீடாகப் போனவர்கள், கதவோரம் சாக்குக்கட்டியால் குறியிட்டு வந்தார்கள். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்தப் பாட்டி மருந்து என்றால் மிரளுவார் என்பதெல்லாம் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ வைரஸ் நோயாளிக்கு 2011 ஜனவரி 13 அன்று ஹவுராவில் நோய் கண்டது. 2014 மார்ச் 27 அன்று போலியோ ஒழிந்ததற்கான சான்றிதழ் கிடைத்தது. தொண்டு வேலை இலக்கை எட்டுவது அபூர்வம்; இந்த வேலை எட்டியது.

இன்று மாணவர்களும் சங்கங்களும் அதிகம் கூடுவது ரத்ததான முகாமில். இதிலும் பழைய கதை உண்டு. ரத்தம் விற்றுப் பிழைத்தவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவால் 1998 ஜனவரி 1 முதல் அது தடையானது. அதன்பின் சொந்தக்காரர் தர வேண்டும், இல்லையேல் முகம் தெரியாத யாராவது தர வேண்டும். வேலூரில் இந்த இரண்டாமவரின் தேவை பெரிது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வந்து சி.எம்.சி. வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு இங்கே சித்தப்பா, மாமா யாரும் இல்லை. 1984-இல் 180 மாணவர்களுடன் தொடங்கி இன்று எல்லா மாநிலப் பிள்ளைகளும் படிக்கும் வி.ஐ.டி. பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில், அந்தக் குடும்பத்தோடு அவர்கள் மொழியிலேயே பேசக்கூடிய மாணவர் கிடைக்கிறார். அன்றைய தொண்டர் தன் தெருவை அறிந்திருந்தார். இவர் அறிந்திருப்பது கைப்பேசியில் வரும் ரத்த வகையையும் வார்டு எண்ணையும். தெருவை அறிந்த பழக்கம் போய்விட்டது. ஆனால் நள்ளிரவில் ‘ஓ நெகட்டிவ்’ தேவை என்றால், அன்று பத்துத் தெரு அலைந்தாலும் கிடைக்காத ஆள் இன்று அரைமணியில் வந்து நிற்கிறார்.

எனக்குள்ள குறை வேறு. போலியோ ஒரே நாள் கூட்டத்தால் அழிந்தது. அந்தப் பழக்கத்தைச் சங்கங்கள் ரத்தத்துக்கும் கொண்டு வந்துவிட்டன. தலைவர் பிறந்தநாள், கல்லூரி விழா, தேசிய ரத்ததான நாளான அக்டோபர் 1 என்று பேனர் கட்டி, ஒரே காலையில் நூற்றுக்கணக்கான பைகளை நிரப்புகிறார்கள். சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம் தாங்கும். தட்டணுக்கள் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. கொடுத்த ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் காத்திருந்தே மறுபடி கொடுக்க முடியும். ஆகவே இந்த வேலைக்குக் கூட்டம் உதவாது. வாரம் பத்துப் பேராகப் பிரிந்து வரும் ஒழுங்குதான் உதவும். அது பேனரில் அழகாக இராது.

தட்டுப்பாடு கடுமையாவது ஏப்ரல், மே மாதங்களில். தேர்வு முடிந்து விடுதிகள் காலியாகிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகள் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கல்லூரியை விட்டு அங்கே முகாம் போடலாமே என்று தோன்றும். ஆனால் ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. கம்பெனி வாசலில் மேசை போடும் சங்கம், முதல் வருடம் பை நிரப்புவதைவிட இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதிலேயே கழிக்க வேண்டியிருக்கும்.