'கைப்பிடி'க்கு எத்தனை கிராம்?

தினமும் வைக்கிற சாம்பாருக்கு யாரும் குறிப்பைத் தேடுவதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிற பண்டங்கள்தான் தேட வைக்கும். தீபாவளி லேகியத்துக்குச் சுக்கு எவ்வளவு? மோர் மிளகாய்க்கு உப்பு எவ்வளவு? வடகத்துக்கு ஜவ்வரிசி சேர்த்தோமா இல்லையா? போன வருஷம் செய்த கைக்கே இந்த வருஷம் மறந்துவிடும். உடனே பழைய டைரி, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், தினக் காலண்டர் தாள், பத்திரிகையோடு வந்த இலவச இணைப்பு என்று அலமாரியைப் புரட்டுவோம். இப்போது வாட்ஸ்அப்பையும் சேர்த்துப் புரட்ட வேண்டியிருக்கிறது.

அதனால் என் ஃபைலை மாத வாரியாகப் பிரித்திருக்கிறேன். இனிப்பு, காரம், குழம்பு என்று பிரிப்பது அச்சுப் புத்தகத்துக்குச் சரி. வீட்டில் சமையல் காலண்டரோடுதான் ஓடுகிறது. ஆவணியில் கொழுக்கட்டை, புரட்டாசியில் சுண்டல், ஐப்பசியில் லேகியமும் முறுக்கும், மாசி பங்குனியில் வற்றல் வடகம், சித்திரை வெயிலில் ஊறுகாய். மாதத்தில் அடங்காத பிரசவப் பத்தியமும் மாப்பிள்ளைச் சொதியும் கடைசியில். பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். உறைக்குள் ஒரு தாளில் ஒரு பண்டம் மட்டும். பால்பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள். மைப்பேனா எழுத்து ஈரக்கை பட்டால் கலைந்துவிடும்.

செய்து பார்க்காத குறிப்பு எதையும் இந்த ஃபைலில் ஏற்றுவதில்லை. ஆசைக்கு வெட்டி வைத்ததெல்லாம் தனிக் கவரில் கிடக்கும். போகிக்குள் அடுப்பேறாவிட்டால் பழைய பேப்பர்காரருக்கு. இதில் நான் கொஞ்சம் கறார்.

உண்மையான வேலை அளவில் இருக்கிறது. 'எலுமிச்சை அளவு புளி', 'ஒரு கைப்பிடி பருப்பு', 'கண்ணளவு உப்பு' என்றுதான் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு அது போதும், நமக்குப் போதாது. என் மாமியார் சமைக்கும்போது பக்கத்தில் தராசோடு நிற்பேன். புளியை உருட்டிச் சட்டியில் போடப் போகும் நேரத்தில் கிண்ணத்தை நீட்டிவிடுவேன். "ஏட்டி, இது என்ன நகைக்கடையா?" என்பார்கள். அப்படிப் பிடித்ததில் எங்கள் வீட்டு எலுமிச்சை அளவு 30 கிராம், நெல்லிக்காய் அளவு அதில் பாதி. உங்கள் வீட்டில் வேறாக இருக்கும். அதற்காகத்தான் நிறுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பழைய நோட்டு என்றால் ஆழாக்கும் பலமும் வரும். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 8 ஆழாக்கு ஒரு படி. ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம், 40 பலம் ஒரு வீசை. மெட்ரிக் அளவு நம் சந்தைகளில் நுழைந்தது 1958-க்குப் பிறகுதான். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளியான 1951-ல் கிலோவும் கிராமும் கடைத்தெருவுக்கே வரவில்லை. படியோ ஊருக்கு ஊர் மாறியது. ஆகையால் வீட்டில் பழைய உழக்கு இருந்தால் தண்ணீர் ஊற்றி அளந்து, எத்தனை மில்லி என்று ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நீங்கள் தினம் அளக்கிற டம்ளரையும் அப்படியே. அரிசியும் மாவும் ஒரே டம்ளரில் ஒரே எடை நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள். 'பத்து மிளகாய்' என்றால் குண்டா, நீட்டா? உப்பு கல்லா, தூளா? கல்லுப்பு ஒரு ஸ்பூன் போடுகிற இடத்தில் தூளுப்பு ஒரு ஸ்பூன் போட்டால் பண்டம் கரித்துவிடும்.

அளவைப் போலவே பதமும். சொதிக்குத் தேங்காய்ப் பால் மூன்று தடவை பிழிவோம். காய் வேகிறது மூன்றாம் பாலில், அப்புறம் இரண்டாம் பால். முதல் பால் விட்ட பிறகு கொதிக்கவிடக் கூடாது, திரிந்துபோகும். பொருள் பட்டியலை மட்டும் எழுதி இந்த ஒரு வரியை விட்டால் அந்தத் தாளால் பிரயோஜனமில்லை. முறுக்கு மாவுப் பதம், வெல்லப்பாகுப் பதம் போன்றவற்றைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுத வேண்டும்: பாகைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வருகிறதா, கரைகிறதா என்று.

ஃபோனை நான் நகலுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தாளையும் படம் எடுத்துத் தனி ஆல்பத்தில் போட்டு, ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கும் அனுப்பியாயிற்று. அவளுக்கு லேகியம் வேண்டாம், ரசப்பொடிதான் வேண்டும். தினச் சமையலுக்கும் நாலு தாள் சேர்த்தது அவளுக்காக. யூடியூப் வீடியோவை நம்பி லிங்க்கை மட்டும் சேமிக்காதீர்கள். என்றைக்கு எடுத்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. பிடித்திருந்தால் கையோடு எழுதிக்கொள்ளுங்கள்.

மொத்தத்தையும் ஒரே நாளில் எழுத உட்கார்ந்தால் பாதியில் நிற்கும். அடுத்து வரப்போகிற பண்டிகைக்கு உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள்? அதைச் செய்கிற பெரியவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள், அன்றைக்குத் தராசும் பேனாவுமாகப் பக்கத்தில் நிற்கப் போவதாக.