கல்யாண வீட்டுக் கணக்கேடு

இஸ்லாம் திருமணத்தை ஓர் ஒப்பந்தமாகவே அமைத்திருக்கிறது. ஈஜாப், கபூல் எனும் இரண்டு சொற்கள், இரண்டு சாட்சிகள், மணமகளுக்குரிய மஹர். இவை நிறைவேறச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களில் நடந்ததைப் பள்ளிவாசல் தப்தரில் எழுதி, மணமகன், வலீ, சாட்சிகள் அனைவரும் கையொப்பமிடுகிறார்கள். இதில் யாருக்கும் சங்கடமில்லை. 'எங்கள் மீது நம்பிக்கை இல்லையா?' என்று எவரும் கேட்பதில்லை.

ஆனால் அந்தப் பெரிய ஒப்பந்தத்தைச் சுற்றிக் கல்யாண வீட்டார் செய்துகொள்ளும் சிறிய ஒப்பந்தங்கள் பத்துப் பன்னிரண்டு உண்டு. மண்டபக்காரர், பண்டாரி, பந்தல்காரர், பாத்திர வாடகைக்காரர், இறைச்சிக் கடைக்காரர், அச்சகத்தார், தையற்காரர், வாகனக்காரர், படம் எடுப்பவர் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை வாய்வார்த்தையிலேயே முடிகின்றன. 'அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் பாய்' என்னும் ஒரு வாக்கியத்தின் மேல் ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு நிற்கிறது. கல்யாணம் முடிந்த மறுநாள் எழும் மனக்கசப்புகளில் பெரும்பங்கு இந்த ஒரு வாக்கியத்திலிருந்தே பிறக்கிறது.

எழுதிக்கொள்வது நம் மார்க்கம்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று மதரஸா மாணவரைக் கேட்டால், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் என்று சொல்லிவிடுவார். அந்த வசனம் பேசும் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். குறித்த தவணைக்குக் கொடுக்கல் வாங்கல் செய்தால் அதை எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சோர்வு கொள்ளக் கூடாது, எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தொல்லை தரக் கூடாது. இத்தனையும் அதில் அடங்கியிருக்கின்றன. கைக்குக் கை மாறும் உடனடி வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்றும் அதுவே கூறுகிறது. ஆனால் மூன்று மாதத்திற்கு முன் முன்பணம் கொடுத்து, பின்னொரு நாளில் பெற வேண்டிய மண்டபமும் சமையலும் கைக்குக் கை மாறும் வியாபாரம் ஆகா.

அவ்வசனத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. கடமைப்பட்டவர்தாம் வாசகத்தைச் சொல்ல வேண்டும். அவர் தம் வாயால் ஒப்புக்கொண்டதையே எழுத்தர் எழுதுகிறார். நம் கல்யாண ஒப்பந்தங்களில் இருதரப்பும் கடமைப்பட்டவர்களே. ஆகவே என்ன தரப்போகிறோம் என்பதைப் பண்டாரி சொல்லட்டும். எவ்வளவு, எப்போது கொடுக்கப்போகிறோம் என்பதைக் கல்யாண வீட்டார் சொல்லட்டும். ஒரே தாளில் இரண்டையும் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டால் பின்னால் யாரும் யாரையும் ஏசத் தேவையில்லை.

கணக்கேட்டின் முதல் வரி

இருநூறு பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். அதன் முதல் பக்கத்தில் முதல் வரியாக எழுதப்பட வேண்டியது மஹர். மண்டபத்திற்கு ரொக்கமாக முன்பணம் கட்டும் மணமகன் வீட்டார், மஹரைப் பின்னர் தருவதாக நிறுத்தி வைப்பது நம்மிடையே காணும் விந்தை. மஹரைத் தவணையில் கொடுக்க மார்க்கத்தில் இடமுண்டு. ஆயினும் தவணையில் நிற்கும் மஹர் கணவன் மீது நிற்கும் கடன் என்பதை மறந்துவிடலாகாது. மேடை அலங்காரத்திற்கு ரொக்கமும் மணமகளுக்குக் கடனும் என்பது எந்த நியாயத்தில் சேரும்?

இரண்டாவது வரி, நம் கையிலுள்ள தொகை. வரப்போகும் தொகை, மச்சான் அனுப்புவதாகச் சொன்ன தொகை, சீட்டு எடுத்தால் கிடைக்கும் தொகை ஆகியவற்றை இதில் சேர்க்க வேண்டாம். கையிலுள்ளதிலிருந்து பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை மட்டும் பங்கிடுங்கள். கைக்கூலி என்னும் ஒரு வரி எந்த வீட்டுக் கணக்கேட்டிலும் இருக்கலாகாது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருக்கிறது. அதே சட்டம் முஸ்லிம்களின் மஹரை வரதட்சணை என்ற சொல்லின் வரையறையிலிருந்து விலக்கியும் வைத்திருக்கிறது. எது பெண்ணின் உரிமை, எது பெண்ணைப் பெற்றவர் மீது சுமத்தும் சுமை என்பதில் நாட்டுச் சட்டத்திற்கே தெளிவிருக்கிறது. நமக்கு இல்லாமற் போகலாமா?

நாள் குறித்தல்

நம் மக்களில் சிலர் முஹர்ரத்திலும் ஸஃபரிலும் நிக்காஹ் வைக்கத் தயங்குகின்றனர். மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் இல்லை. அறியாமைக் கால அரபியர் ஷவ்வால் மாதத்தைத் திருமணத்திற்கு ஆகாத மாதமாகக் கருதிவந்தனர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோ தம் திருமணம் ஷவ்வாலில் நடந்ததையே எடுத்துக் கூறி அந்த எண்ணத்தைத் தகர்த்தார்கள். இச்செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது.

இதில் உலகியல் நன்மையும் இருக்கிறது. நோன்புப் பெருநாள் முடிந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் மண்டபம் தேடுகிறோம். நல்ல பண்டாரிகளின் நாட்கள் அப்போது நிரம்பிவிடுகின்றன. தமிழகத்தில் ஆடியிலும் மார்கழியிலும் சகோதர சமயத்தார் பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை. மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். அந்த மாதங்களில் வார நாளொன்றைத் தேர்ந்து கேட்டால் வாடகையிலும் பேச்சிலும் இளக்கம் கிடைக்கும்.

பண்டாரியிடம் பேசுகையில்

சமையல் இருவகைப்படும். மளிகையும் இறைச்சியும் நாம் வாங்கிக் கொடுக்க, பண்டாரி கூலிக்குச் சமைத்துத் தருவது ஒன்று. எல்லாவற்றையும் அவரே ஏற்று, தலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிக்கொள்வது மற்றொன்று. எந்த வகையில் பேசினோம் என்பதே சில வீடுகளில் தெளிவாயிருப்பதில்லை. முதல் வகையில் சாமான் குறைந்தால் பொறுப்பு நம்முடையது. இரண்டாம் வகையில் தலைக்கணக்கு கூடினால் தொகையும் கூடும்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரியாணிக்கு ஒரு கிலோ அரிசி எட்டிலிருந்து பத்துப் பேருக்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 500 பேருக்கு, எட்டுப் பேர் கணக்கில் ஏறத்தாழ 62 கிலோவும், பத்துப் பேர் கணக்கில் 50 கிலோவும் தேவைப்படும். இடையில் 12 கிலோ அரிசியும் அதற்குரிய இறைச்சியும் நிற்கின்றன. ஆகவே சீரகச் சம்பாவா, பாசுமதியா; கிலோ அரிசிக்கு எத்தனை கிலோ இறைச்சி; தால்ச்சாவும் இனிப்பும் உண்டா; விறகு, தேக்சா, பரிமாறும் ஆட்கள் யார் பொறுப்பு என்று வரிசையாக எழுதுங்கள். சஹனில் உணவு வைக்கும் ஊர்களில் ஒரு சஹனுக்கு எத்தனை பேர் என்பதையும் குறியுங்கள்.

இவ்வாறு எழுதாததால் எங்கள் மஹல்லாவில் நடந்த ஒன்றைப் பெயர் குறிப்பிடாமல் சொல்கிறேன். ஒரு வீட்டார் தலைக்கணக்குப் பேசி, 'நானூறு பேர், கொஞ்சம் கூட வரலாம்' என்று சொல்லியிருக்கிறார்கள். வந்தவர்கள் ஐந்நூற்றைம்பதுக்கும் மேல். கடைசிப் பந்தியில், அதுவும் பெண்கள் பகுதியில், இறைச்சியின்றி வெறும் சோறே பரிமாறப்பட்டது. அவமானம் தாங்காத வீட்டார் பாக்கித் தொகையைக் கொடுக்க மறுத்தனர். விவகாரம் ஜமாஅத்திற்கு வந்தது. 'ஹஜ்ரத், நானூறுக்கு வாங்கிய இறைச்சியை நான் எப்படி ஐந்நூற்றைம்பதாக்குவேன்? கசாப்புக் கடைக்கு நான் கடன்பட்டு நிற்கிறேன்' என்றார் பண்டாரி. 'கொஞ்சம் கூட என்று முன்கூட்டியே சொன்னோமே' என்றார் வீட்டுக்காரர். இருவரும் பொய் சொல்லவில்லை. 'கொஞ்சம்' என்பது ஐம்பதா, நூற்றைம்பதா என்பதற்குத்தான் சாட்சி இல்லை. பெரியவர்கள் பாக்கியில் பாதியைக் கொடுக்கச் சொல்லித் தீர்த்துவைத்தார்கள். பணம் தீர்ந்தது, மனம் தீரவில்லை. ஒரே ஸஃப்பில் நின்று தொழுத இருவர் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்வதை நிறுத்திக்கொண்டனர். ஒரு தாளில் ஒரு வரி எழுதியிருந்தால் இந்தப் பிரிவு நேர்ந்திராது.

மண்டபத்தாரிடம் கேட்க வேண்டியவை

வாடகை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? மின்சாரம், ஜெனரேட்டர், துப்புரவு, சரக்கு சேவை வரி ஆகியவை வாடகைக்குள் அடக்கமா, தனியா? வெளிப் பண்டாரியைச் சமைக்க அனுமதிப்பார்களா? பெண்களுக்குத் தனி வழியும் தனி உணவுக்கூடமும் உண்டா? உளூச் செய்யத் தண்ணீரும் தொழ இடமும் உண்டா? நாள் தள்ளிப்போனாலோ, மௌத் போன்ற காரணத்தால் நின்றாலோ முன்பணத்தில் எவ்வளவு திரும்பும்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க நாம் கூச்சப்படுகிறோம். அபசகுனமாகப் பேசுவானேன் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். சகுனம் பார்ப்பது நமக்கு ஆகாது. கேட்டுத் தெளிவதோ நமக்குக் கடமை.

கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் நாளும் தொகையும் எழுதிய ரசீது பெறுங்கள். அச்சிட்ட ரசீது இல்லாதவரிடம் நம் குறிப்பேட்டிலேயே கையொப்பம் வாங்கலாம். பேசியபடி சேவை கிடைக்காமற் போனால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருப்பின் முறையீட்டுக் கட்டணமும் இல்லை. ஆனால் அங்கும் முதலில் கேட்கப்படுவது ரசீதுதான்.

ஒருவர் பொறுப்பில்

மூவர் பயணம் செய்தாலும் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் மாமா ஒன்று சொல்ல, சாச்சா வேறொன்று சொல்ல, பந்தல்காரர் நடுவில் திகைத்து நிற்கிறார். ஒருவர் மட்டுமே வேலைக்காரர்களிடம் பேச வேண்டும். அவர் மணமக்களின் தந்தையராக இல்லாதிருப்பது நலம். அன்றைய தினம் தந்தையருக்கு வந்தவர்களை வரவேற்கவே நேரமிராது. பெண்கள் பகுதிக்கு ஒரு பெண்மணி பொறுப்பேற்கட்டும். அங்கே எது குறைந்தது என்பது ஆண்கள் பகுதிக்குத் தெரிவதற்குள் தேக்சா காலியாகிவிடுகிறது.

அழைப்புப் பட்டியலை 'இன்னார் வீடு' என்று எழுதாமல் ஆண், பெண், சிறுவர் எனத் தலை எண்ணிக்கையாக எழுதுங்கள். நிக்காஹுக்கு ஒரு வாரம் முன் மீண்டும் ஒருமுறை எண்ணி, பண்டாரிக்கு இறுதி எண்ணிக்கையைச் சொல்லுங்கள். அப்பட்டியலில் ஏழைகளின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். செல்வரை அழைத்து ஏழையை விட்டுவிடும் வலீமா விருந்து உணவுகளில் மிகக் கெட்டது என்று ஹதீஸில் வந்துள்ளது.

பதிவையும் மறக்க வேண்டாம். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி எல்லாச் சமயத்தார் திருமணங்களும் நடந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் பதியப்பட வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் உண்டு. வயதுச் சான்று, முகவரிச் சான்று, மணமக்களின் படங்கள் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டுக் குறிப்பேட்டோடு சேர்த்து வையுங்கள். வெளியூர் மணமகன் என்றால் அவர் ஜமாஅத்தின் தடையில்லாக் கடிதத்தை முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள்.

வியர்வை உலருமுன்

நாம் ஏமாறாதிருப்பதைப் பற்றியே இதுவரை பேசினோம். நம்மால் பிறர் ஏமாறாதிருப்பது அதனினும் பெரிது. கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. வசதியிருந்தும் கடனைத் தாமதிப்பது அநீதி என்று சொன்ன மார்க்கமும் இதுவே. கல்யாணம் முடிந்த இரவில், 'நாளை வா, கணக்குப் பார்க்கலாம்' என்று பாத்திரம் துலக்கிய பெண்களைத் திருப்பி அனுப்பும் வீட்டில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது? பாக்கித் தொகைகளை முதல் நாளே தனித்தனி உறைகளில் இட்டு, பெயரெழுதி, பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அன்றிரவே அவை உரியவர் கைக்குச் சேரட்டும். வேலை செய்தவர்களுக்குச் சூடான உணவும் முதலிலேயே எடுத்து வைக்கப்படட்டும். எஞ்சிய உணவு கெடுமுன் யாருக்குப் போகும் என்பதையும் காலையிலேயே முடிவு செய்யுங்கள்.

ஹிஜ்ரி 7இல் கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்து வலீமா அளித்தார்கள். தோழர்கள் தம்மிடமிருந்த பேரீச்சம்பழம், நெய், பாலாடைக் கட்டி ஆகியவற்றைக் கொண்டுவந்து ஒரு விரிப்பில் சேர்த்தார்கள். அதுவே விருந்தாயிற்று. அவ்விருந்துக்காக எவரும் கடன்படவில்லை. எவருடைய கூலியும் நிறுத்தப்படவில்லை. அந்த எளிமையை எட்ட நமக்கு இன்னும் நாளாகலாம். எழுதிக்கொள்வதையும் சொன்னபடி கொடுப்பதையும் இன்றே தொடங்கலாம். மணமக்கள் புதுவாழ்வில் அடியெடுத்து வைக்கும் நாளில் அவர்கள் பெயரால் ஒருவருடைய பெருமூச்சும் எழாதிருக்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.