தராசும் முத்திரையும்

திண்டுக்கல் வெங்காயச் சந்தையிலும், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலும், நிலக்கோட்டைப் பூச்சந்தையிலும் பேரம் பேசும் முறை வேறு வேறாக இருக்கலாம். ஆனால் பேரம் முடிந்ததும் எல்லோருடைய கண்களும் ஒரே பக்கம் திரும்புகின்றன: தராசில் சிவப்பாக ஒளிரும் எண்களின் பக்கம். '17.430' என்று அது காட்டினால் விற்பவரும் வாங்குபவரும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். விவசாயி வீட்டுக்குக் கொண்டுபோகும் பணம் அந்த எண்ணைப் பொறுத்தது. அந்த எண்ணை நாம் எதைக்கொண்டு நம்புகிறோம்? இக்கேள்விக்குப் பாதி விடை இயற்பியலில் இருக்கிறது; மறுபாதி சட்டத்தில் இருக்கிறது.

முதலில் பழைய இரட்டைத் தட்டுத் தராசைப் பார்ப்போம். அது ஒரு நெம்புகோல். நடுவில் தாங்குமுனை, இரு பக்கமும் சம நீளக் கைகள். ஒரு தட்டில் பொருள், மறு தட்டில் படிக்கல். இரண்டையும் பூமி ஒரே அளவு முடுக்கத்தோடு இழுப்பதால் அந்த இழுப்பின் அளவு கணக்கில் அடிபட்டுப் போகிறது. ஆகவே திண்டுக்கல்லில் சரியாக நிற்கும் முள், கொடைக்கானலிலும் சரியாகவே நிற்கும். சந்திரனுக்குக் கொண்டுபோனாலும் அப்படியே. இத்தராசில் ஏமாற்று வேலைகள் இல்லாமல் இல்லை. தட்டின் அடியில் புளியை ஒட்டுவது, படிக்கல்லைக் குடைவது, ஒரு கையைச் சற்று நீட்டிவிடுவது எல்லாம் நம் ஊர் அறிந்தவைதாம். ஆனால் அவை கண்ணுக்கும் கைக்கும் எட்டும் ஏமாற்றுகள். பொருளையும் கல்லையும் தட்டு மாற்றி வைத்துப் பார்த்தாலே கை நீளத்தின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மின்னணுத் தராசில் இந்த வசதி இல்லை. அதன் தட்டுக்கு அடியில் நடுவில் துளையிட்ட ஓர் அலுமினியக் கட்டை இருக்கிறது. கடைக்காரர்களும் பழுது பார்ப்பவர்களும் இதை 'லோட் செல்' என்பார்கள். ஒரு முனை அடிப்பாகத்தோடும் மறு முனை தட்டோடும் பொருத்தப்பட்டிருக்கும். பொருளை வைத்ததும் கட்டை மிக மிகச் சிறிதளவு வளைகிறது. கட்டையின்மேல் ஒட்டியுள்ள மெல்லிய உலோகப் படலங்களும் அதனோடு சேர்ந்து நீள்கின்றன அல்லது சுருங்குகின்றன. கம்பி நீண்டால் மின்தடை கூடும் என்பது பள்ளியில் படித்ததுதான். 350 ஓம் தடையுள்ள படலம் ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டால் அதன் தடை ஏறக்குறைய 0.7 ஓம் கூடும். இத்தகைய நான்கு படலங்களை வீட்ஸ்டன் சமனச்சுற்றாக இணைத்தால், சமன் குலைந்து ஒரு சிறு மின்னழுத்தம் கிடைக்கிறது. ஆய்வகத்தில் அறியாத் தடையைக் கண்டுபிடிக்க மாணவர்கள் போராடும் அதே சுற்றுத்தான் இங்கே வெங்காயம் நிறுக்கிறது!

அந்த மின்னழுத்தம் எவ்வளவு? 30 கிலோ வரை நிறுக்கும் தராசில் முழுச் சுமைக்கு 10 மில்லிவோல்ட் என்று கொள்வோம். 5 கிராம் 5 கிராமாகக் காட்டுவதற்கு அதை 6000 படிகளாகப் பகுக்க வேண்டும். ஒரு படிக்கு வருவது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் 1.7 பங்கு. இந்த நுண்ணிய அளவைப் பெருக்கி, எண்ணாக மாற்றி, ஒரு பெருக்கற்காரணியால் பெருக்கி, 'இத்தனை கிலோ' என்று காட்டுவது உள்ளே இருக்கும் சில்லு. அந்தப் பெருக்கற்காரணியில்தான் சங்கதி முழுவதும் அடங்கியிருக்கிறது. அதை நூற்றுக்கு ஒன்று குறைத்து வைத்தால், 50 கிலோ மூட்டை 49.5 கிலோ என்று காட்டும். நூறு மூட்டை ஏற்றி வரும் விவசாயிக்கு ஒரு மூட்டை காணாமற் போகும். புளியும் இல்லை, குடைந்த கல்லும் இல்லை. எவர் கண்ணுக்கும் எதுவும் தெரியாது.

எவரும் கெட்ட எண்ணம் கொள்ளாமலே பிழை நேரவும் கூடும். மின்னணுத் தராசு உண்மையில் அளப்பது நிறையை அன்று, அதன்மேல் பூமி செலுத்தும் விசையை. புவியீர்ப்பு முடுக்கம் இடத்துக்கு இடம் மாறும். தில்லியில் அது ஏறத்தாழ 9.791, நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள திண்டுக்கல்லில் ஏறத்தாழ 9.781. வேறுபாடு ஆயிரத்தில் ஒன்று. தில்லியில் சரிசெய்த தராசை அப்படியே இங்கு கொண்டுவந்தால், 10 கிலோ தக்காளியை 10 கிராம் குறைத்துக் காட்டும். மேற்சொன்ன தராசுக்குச் சோதனையின்போது 10 கிலோவில் சட்டம் பொறுக்கும் பிழையோ 5 கிராம்தான். திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்கு ஏற்றிச் சென்றாலும் 10 கிலோவுக்குச் சில கிராம் குறையும். எனவே தராசு எந்த ஊரில் பயன்படுகிறதோ அங்கேயே எடைக்கல் வைத்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த எடைக்கல் சரியானது என்று யார் சொல்வது? இங்கேதான் அரசு வருகிறது. முன்பு நம் பக்கத்தில் பலம், வீசை, மணங்கு என்று நிறுத்தார்கள். 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. நாட்டின் மற்றப் பகுதிகளில் வேறு வேறு கணக்கு. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்து, படிப்படியாக நாடு முழுவதையும் கிலோவுக்கு மாற்றியது. இப்போது நடைமுறையில் உள்ளது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். இது 1-4-2011 முதல் அமலுக்கு வந்தது. எடையளவுகளின் தரத்தை நிறுவும் அதிகாரத்தை அரசியலமைப்பு மத்திய அரசிடம் கொடுத்திருக்கிறது. கடைகளில் சோதித்து அமலாக்குவது மாநில அரசின் வேலை. தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் பொறுப்பு.

தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பிளாட்டினம்-இரிடியம் உலோகக் கலவையாலான ஓர் உருளை இருக்கிறது. பாரிஸ் அருகில் உள்ள மூலக் கிலோகிராமின் 57-ஆம் எண்ணுள்ள படி அது. (20-5-2019 முதல் கிலோகிராம் உருளையால் அல்லாமல் பிளாங்க் மாறிலியால் வரையறுக்கப்படுகிறது, சந்தையில் இதனால் எந்த மாற்றமும் இல்லை.) அங்கிருந்து பெங்களூரு போன்ற வட்டார ஆய்வகங்களுக்கும், பின்னர் மாநிலத்தின் படித்தர எடைகளுக்கும், கடைசியில் முத்திரை ஆய்வாளரின் பெட்டியில் உள்ள கற்களுக்கும் அந்தக் கிலோ படியிறங்கி வருகிறது. அவர் சோதித்துச் சரிகண்டபின், பெருக்கற்காரணியை மாற்றும் வழியைக் கம்பியால் கட்டி ஈய முத்திரை குத்துகிறார். முத்திரையில் ஆண்டும் அதன் காலாண்டும் இருக்கும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை உண்டு. சான்றிதழைக் கடையில் பார்வைக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். பழைய தராசில் நம் கண் செய்த காவலை இன்று அந்தச் சிறு ஈயத்துண்டு செய்கிறது. அரசின் அதிகாரம் என்றால் காவல் நிலையமும் நீதிமன்றமும்தான் நினைவுக்கு வரும். பட்டாணி அளவுள்ள இந்த ஈயமும் அரசு அதிகாரந்தான். அதுவும் அன்றாடம் நம் சட்டைப்பையைத் தொடும் அதிகாரம்.

தராசின் பட்டயத்தில் 'மேக்ஸ்', 'மின்', 'இ' என்ற மூன்று குறிப்புகள் இருக்கும். மேக்ஸ் என்பது பெரும எடை, இ என்பது படியளவு. மின் என்பது சிறும எடை. கடைத் தராசு வகையில் இது படியளவைப் போல் 20 மடங்கு. 5 கிராம் படியுள்ள தராசில் 100 கிராமுக்குக் கீழ் நிறுக்கக் கூடாது. 50 கிராம் மல்லிகையை அதில் நிறுத்தால், சோதனையில் தேறிய தராசிலேயே இரண்டு கிராம் இப்படியும் அப்படியும் போகலாம். பூ விலை ஏறிக் கிடக்கும் முகூர்த்த நாளில் அது சிறு தொகை அன்று. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கிராம் படியுள்ள சிறு தராசைக் கேட்பதே முறை. (முழம் போட்டு விற்கும் பூவைப் பற்றிக் கேட்காதீர்கள். சட்டத்தில் நீளத்துக்கு அலகு மீட்டர். பூக்காரம்மாவின் முழங்கைக்கு இதுவரை முத்திரை கிடையாது.)

சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று மண்டியில் பிடிக்கும் கழிவை முத்திரை தடுக்காது. தராசு சரியான எண்ணைச் சொன்னபிறகு காகிதத்தில் நடக்கும் கழித்தல் அது. விவசாயிகள் தராசைப் பார்ப்பதோடு சீட்டையும் பார்க்க வேண்டும்.

அரசே நிறுக்கும் இடமும் உண்டு, அது நியாயவிலைக் கடை. அங்கே விற்பனைக் கருவியோடு மின்னணுத் தராசை இணைப்பதை ஊக்குவிக்க மத்திய அரசு 2021-இல் விதியைத் திருத்தியது. தமிழ்நாட்டுக் கடைகளிலும் 2025-இல் இந்த இணைப்பு பரவியது. அட்டைதாரருக்குரிய அரிசி முழுதாகத் தட்டில் ஏறினால்தான் ரசீது வரும் என்பது ஏற்பாடு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கம்பியில்லாமல் கருவிக்குப் போவது தராசு சொல்லும் எண் மட்டுமே. தராசு ஒன்பதரைக் கிலோவைப் பத்து என்று சொன்னால் கருவியும் பத்து என்றே அச்சிடும். அதைக் கண்டுபிடிக்க முத்திரையிட்ட ஓர் இரும்புக் கல்லைத் தட்டில் வைத்துப் பார்ப்பதைத் தவிர இன்றும் வேறு வழியில்லை. வெறுந்தட்டில் சுழி காட்டுகிறதா, மட்டக் குமிழி நடுவில் நிற்கிறதா, சான்றிதழின் தேதி தாண்டவில்லையா என்ற மூன்றையும் வரிசையில் நிற்கும் எவரும் பார்க்கலாம். ஐயம் இருந்தால் தொழிலாளர் துறையின் அமலாக்க அலுவலகத்துக்கு எழுதலாம்.