உயிர் காத்த மாத்திரை, உயிர் பறித்த அவசரம்

கோவிட் நோயாளிகளைக் காப்பாற்றிய ஸ்டீராய்டு, தவறான நேரத்தில் தரப்பட்டபோது என்ன செய்தது?

2021 மே மாதம். கோவிட் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்த நாட்களில், நாட்டின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் இன்னொரு வார்டும் அவசரமாகத் திறக்கப்பட்டது. முதல் வார்டில் இருந்தவர்கள் மூச்சுக்குப் போராடினார்கள். இரண்டாவது வார்டில் பலருக்கு மூச்சு சீராகியிருந்தது. ஆனால் கண் வீங்கி, கன்னம் மரத்துப்போய், மூக்கிலிருந்து கறுப்பாகச் சளி வந்தது. நோய், கறுப்புப் பூஞ்சை. இரண்டு வார்டுகளின் கேஸ் ஷீட்டுகளிலும் தவறாமல் காணப்பட்ட மருந்து ஒன்று உண்டு: ஸ்டீராய்டு.

புதிய மருந்தல்ல. 1948ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் ஃபிலிப் ஹென்ச் கீல்வாத நோயாளிக்கு கார்ட்டிசோன் கொடுத்தபோது தொடங்கிய கதை இது. 1950ல் அவருக்கும் இரண்டு சகாக்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே குடும்பத்தில் 1950களின் பிற்பகுதியில் பிறந்தது டெக்ஸாமெதசோன். ஆஸ்துமா, அலர்ஜி, மூட்டுவலி என்று மருத்துவர்கள் அன்றாடம் எழுதும் மருந்து. விலை சில ரூபாய்கள்.

ஆனால் வைரஸ் தாக்கிய நுரையீரலுக்கு இதைத் தரலாமா என்பதில் மருத்துவ உலகம் பல ஆண்டுகள் பிளவுபட்டுக் கிடந்தது. 2003ல் சார்ஸ் பரவியபோது சீனாவிலும் ஹாங்காங்கிலும் அதிக அளவில் கொடுத்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்குப் பின்னால் இடுப்பு எலும்பு ரத்த ஓட்டமின்றி நசிந்தது. எனவே 2020 தொடக்கத்தில், கோவிட் நோயாளிகளுக்கு வழக்கமாக ஸ்டீராய்டு தர வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

வழக்கு தீர்ந்தது பிரிட்டனில். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லாண்ட்ரே தலைமையில் நடந்த 'ரிகவரி' ஆய்வில், குலுக்கல் முறையில் 2,104 நோயாளிகளுக்கு தினமும் 6 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன், அதிகபட்சம் 10 நாட்கள் தரப்பட்டது. 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2020 ஜூன் 16ல் முடிவு அறிவிக்கப்பட்டது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தனர். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2லிருந்து 23.3 சதவீதம். கோவிட் மரணத்தைக் குறைப்பதாக நிரூபிக்கப்பட்ட முதல் மருந்து இதுதான்.

அதே ஆய்வில் மூன்றாவது எண் ஒன்றும் இருந்தது. ஆக்சிஜனே தேவைப்படாத நோயாளிகளில், மருந்து பெறாதவர்களில் 14 சதவீதம் பேரும், பெற்றவர்களில் 17.8 சதவீதம் பேரும் இறந்தனர். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருந்திருக்கலாம். ஆனால் பலன் இல்லை என்பது தெளிவு. தீங்கு வரலாம் என்பது எச்சரிக்கை. தலைப்புச் செய்திகளில் முதல் எண் மட்டுமே வந்தது.

இரண்டு கட்டம், ஒரு மருந்து

காரணம் நோயின் போக்கிலேயே இருக்கிறது. முதல் வாரத்தில் உடலில் வைரஸ் பெருகுகிறது. நோய் எதிர்ப்பு சக்தி அதோடு மோதுகிறது. பெரும்பாலோருக்கு அத்தோடு சரி. சிலருக்கு மட்டும் இரண்டாவது வாரத்தில் அந்த எதிர்ப்பே எல்லை மீறி நுரையீரலை அழற்சியால் நிரப்புகிறது. காற்றுப் பைகளில் நீர் கோத்து ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போக முடியாமல் தவிக்கிறது. ஸ்டீராய்டு வைரஸைக் கொல்வதில்லை, எதிர்ப்பை அடக்குகிறது. இரண்டாம் வாரத்தில் இது உயிர் காக்கும். முதல் வாரத்தில் தந்தால் எதிரி கோட்டைக்குள் இருக்கும்போதே காவலர்களின் கையைக் கட்டிப்போட்டதாகிவிடும்.

2020 ஜூன் 27ல் மத்திய சுகாதார அமைச்சகம் தன் சிகிச்சை நெறிமுறையில் டெக்ஸாமெதசோனைச் சேர்த்தது. அதுவும் மிதமான, தீவிர நோய்க்கு மட்டும். ஆனால் இரண்டாவது அலையில் படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை, ரெம்டெசிவிர் குப்பிக்கு நீண்ட வரிசை. சுலபமாகக் கிடைத்தது ஸ்டீராய்டுதான். யாருக்கோ எழுதிய மருந்துச் சீட்டு வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து காய்ச்சல் வந்த அன்றே வாய்க்குள் போனது. அப்போது தில்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த டாக்டர் ரன்தீப் குலேரியா, தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு எடுப்பது ஆபத்து என்று அந்த மே மாதத்தில் எச்சரித்தார்.

ஸ்டீராய்டு ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பைக் குறைக்கும். காற்றிலும் மண்ணிலும் எப்போதும் இருக்கும் பூஞ்சைக்கு இவை இரண்டும் விருந்து. நீரிழிவு மலிந்த இந்தியாவில் விளைவு பயங்கரமாக இருந்தது. 2021 ஜூலைக்குள் 45,000க்கும் மேற்பட்ட கறுப்புப் பூஞ்சை நோயாளிகள். 4,000க்கும் மேற்பட்ட மரணங்கள். கண்ணை இழந்தவர்களும் உண்டு.

பழி முழுவதும் ஸ்டீராய்டுக்கு உரியதல்ல. கட்டுப்படாத சர்க்கரைக்கும் பங்குண்டு. கண்ணையும் பூஞ்சை தாக்கிய 2,826 நோயாளிகளைப் பற்றி 2021ல் இந்தியக் கண் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில் 78 சதவீதம் பேர் நீரிழிவு உள்ளவர்கள். ஆனால் அதே ஆய்வின் வேறு இரண்டு எண்கள் உறுத்துகின்றன. கோவிட்டுக்காக ஆக்சிஜன் தேவைப்பட்டவர்கள் 57 சதவீதம். ஸ்டீராய்டு தரப்பட்டவர்கள் 87 சதவீதம். இடையிலுள்ள இடைவெளியில் இருப்பவர்களுக்கு இந்த மருந்து தேவையே இருந்திருக்காது.

அளவுக்கு மிஞ்சினால்

நேரம் மட்டுமல்ல, அளவும் முக்கியம். 6க்குப் பதில் 12 மில்லிகிராம் தந்தால் கூடுதல் பலன் உண்டா என்று டென்மார்க், ஸ்வீடன், ஸ்விட்சர்லாந்துடன் இந்திய மருத்துவமனைகளும் சேர்ந்து ஆராய்ந்தன. உறுதியான பலன் தென்படவில்லை என்றது 2021ல் வந்த முடிவு. 2023ல் ரிகவரி குழு இன்னும் கடுமையான சேதி சொன்னது. வென்டிலேட்டர் தேவைப்படாமல், சாதாரண ஆக்சிஜனோ அதுவும் இல்லாமலோ இருந்தவர்களுக்கு 20 மில்லிகிராம் வரை தந்தபோது 19 சதவீதம் பேர் இறந்தனர். வழக்கமான சிகிச்சையில் 12 சதவீதம்தான்.

இந்தப் பாடத்தை எல்லா வைரஸுக்கும் நீட்டிவிடவும் முடியாது. இன்ஃப்ளூயன்சா நிமோனியாவில் ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே அதிக மரணங்களையே பழைய ஆய்வுகள் காட்டின. நோய் முற்றியவர்களுக்கே அது தரப்பட்டதும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் கோவிட் கணக்கை அங்கே கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது.

2022 ஜனவரியில் திருத்தப்பட்ட அரசு நெறிமுறை, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசியால் பலன் இருப்பதாக ஆதாரமில்லை என்றது. சீக்கிரமாகவோ, அதிகமாகவோ, நீண்ட நாட்களோ தந்தால் பூஞ்சை போன்ற தொற்றுகள் வரக்கூடும் என்றும் எழுதியது. இரண்டாவது அலை அடங்கிப் பல மாதங்களுக்குப் பிறகு.

நோயாளியின் வீட்டார் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு? மருந்து எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள்? சர்க்கரையை யார், எப்போது பார்ப்பார்கள்? வேறு நோய்க்காக நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் பயந்துபோய்த் திடீரென நிறுத்துவதும் ஆபத்துதான். அதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மருந்துக் கடைக்காரரோ வாட்ஸ்அப்பில் வந்த சீட்டோ இக்கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது. நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்ல முடியும். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.