எடைப் பயிற்சியில் இயக்க வீச்சும் வலிமைப் பேறும்: குந்தி எழும் பயிற்சியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

எடைப் பயிற்சியின்போது மூட்டு எந்த அளவிற்கு மடங்கி நிமிர்கிறது என்பது, பெறப்படும் வலிமையின் அளவை மட்டுமன்றி, அவ்வலிமை எந்தக் கோணங்களில் வெளிப்படும் என்பதையும் தீர்மானிக்கிறது. குந்தி எழும் பயிற்சி குறித்து 2013, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரு ஆய்வுகளின் அளவீடுகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. முழுவீச்சில் பெற்ற வலிமை குறுவீச்சிற்குப் பெருமளவு கைகொடுக்கிறது என்பதையும், குறுவீச்சில் பெற்ற வலிமை முழுவீச்சிற்கு அதே அளவில் கைகொடுப்பதில்லை என்பதையும் எடுத்துக்காட்டி, அதற்கான காரணங்களை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எடைப் பயிற்சி, இயக்க வீச்சு, வலிமை, முழுவீச்சு, குறுவீச்சு, தசை வளர்ச்சி.

முன்னுரை

ஒரு மூட்டு தொடக்க நிலையிலிருந்து இறுதி நிலைவரை கடக்கும் கோண அளவே இயக்க வீச்சு எனப்படுகிறது. ஸ்குவாட் என வழங்கப்பெறும் குந்தி எழும் பயிற்சியில் ஒருவர் தொடை தரைக்கு இணையாவதற்கு முன்பே எழுந்துவிடலாம். மற்றொருவர் அதனினும் தாழ அமர்ந்து எழலாம். முன்னவர் மிகுந்த எடையைத் தூக்குவார்; பின்னவர் குறைந்த எடையையே தூக்குவார். இவ்விருவருள் வலிமை மிக்கவர் யார் என்னும் வினாவிற்கு, சோதனை எந்த ஆழத்தில் நடைபெறுகிறது என்பதைக் குறிப்பிடாமல் விடை கூற இயலாது. பயிற்சியாளர்கள் பதிவேட்டில் எடையை மட்டும் குறித்து ஆழத்தைக் குறிக்காது விடுவதால், உண்மையான முன்னேற்றத்திற்கும் ஆழம் குறைந்ததால் தோன்றும் முன்னேற்றத்திற்கும் வேறுபாடு காண முடியாமற்போகிறது.

கோணத்திற்கேற்ப விசை மாறுபடுதல்

தசையிழையின் நீளம் மாறும்போது அது உருவாக்கும் விசையும் மாறுகிறது. தவளையின் தசையிழைகளைக் கொண்டு கோர்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் ஆகியோர் 1966-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவுறுத்தியது. சார்கோமியர் என்னும் சுருக்க அலகின் நீளம் ஏறத்தாழ 2.0 முதல் 2.2 மைக்ரோமீட்டர்வரை இருக்கும்போது விசை உச்சத்தை அடைகிறது. அலகு மேலும் நீள நீள, ஆக்டின், மயோசின் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி குறைவதால் விசையும் குறைந்து, ஏறத்தாழ 3.65 மைக்ரோமீட்டரில் அற்றுப்போகிறது.

இதனுடன் நெம்புகோல் விளைவும் சேர்கிறது. குந்தும்போது எடையின் செங்குத்துக் கோட்டிற்கும் முழங்கால், இடுப்பு மூட்டுகளுக்கும் இடைப்பட்ட கிடைத்தொலைவு கூடுகிறது. தொடை தரைக்கு இணையாகும் நிலையை ஒட்டி மூட்டுகளின் மீதான திருப்புவிசை மிகுகிறது. ஆகவே, முழுவீச்சில் தூக்கக்கூடிய எடையை அவ்வீச்சின் மிகக் கடினமான பகுதியே வரையறுக்கிறது. குறுவீச்சு அப்பகுதியைத் தவிர்ப்பதால் கூடுதல் எடைக்கு இடம் கிடைக்கிறது.

இரு ஆய்வுகளின் அளவீடுகள்

புளூம்குவிஸ்ட் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 17 ஆண் மாணவர்கள் 12 வாரங்கள் பயிற்சி பெற்றனர். ஒரு பிரிவினர் முழங்காலை 120 பாகைவரையும் மற்றொரு பிரிவினர் 60 பாகைவரையும் மடக்கினர். ஒருமுறை மட்டும் தூக்க இயலும் உச்ச எடை, இரு ஆழங்களிலும் சோதிக்கப்பட்டது. ஆழப் பயிற்சி பெற்றோர் இரு சோதனைகளிலும் ஏறத்தாழ 20 விழுக்காடு முன்னேறினர். குறு ஆழப் பயிற்சி பெற்றோர் குறு ஆழச் சோதனையில் 36 விழுக்காடும், ஆழச் சோதனையில் 9 விழுக்காடும் முன்னேறினர்.

குபோ குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்விலும் 17 ஆண்களே பங்கேற்றனர். பயிற்சிக்காலம் 10 வாரங்கள். 140 பாகைவரை மடக்கிய முழுவீச்சுப் பிரிவினர் முழுவீச்சுச் சோதனையில் 31.8 விழுக்காடும் அரைவீச்சுச் சோதனையில் 24.2 விழுக்காடும் முன்னேறினர். 90 பாகைவரை மடக்கிய அரைவீச்சுப் பிரிவினரின் முன்னேற்றம் முறையே 11.3, 32.0 விழுக்காடாகும்.

சமனற்ற பரிமாற்றம்

இவ்வளவீடுகளிலிருந்து இரு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, ஒவ்வொரு பிரிவினரும் தாம் பயின்ற வீச்சிலேயே மற்றப் பிரிவினரை விஞ்சினர். இரண்டாவது, பயிலாத வீச்சிற்கு வலிமை பரவும் அளவு இரு பிரிவினருக்கும் ஒன்றாக இல்லை. குபோ குழுவினரின் ஆய்வில், முழுவீச்சுப் பிரிவினர் தாம் பயிலாத அரைவீச்சுச் சோதனையில், அதனையே பயின்றோர் பெற்ற முன்னேற்றத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டினர். அரைவீச்சுப் பிரிவினரோ முழுவீச்சுச் சோதனையில், அதனைப் பயின்றோர் பெற்றதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே எட்டினர். 2013-ஆம் ஆண்டு ஆய்வில் இவ்விகிதங்கள் முறையே 56, 45 விழுக்காடு என அமைகின்றன. அங்கு வேறுபாடு குறைவெனினும் போக்கு ஒன்றே.

முழுவீச்சு குறுவீச்சின் கோணங்களையும் தன்னுள் அடக்கியது. குறுவீச்சு ஆழ்ந்த கோணங்களைத் தொடுவதே இல்லை. தொடப்படாத கோணங்களில் தசைகளை ஒருங்கிணைத்து இயக்கும் நரம்புவழித் தேர்ச்சி போதிய அளவு உருவாவதில்லை. எனினும், முழுவீச்சுப் பயிற்சியாளர் மேற்பகுதியைத் தாம் தாங்கக்கூடியதினும் குறைந்த எடையுடனேயே கடக்கின்றனர். அப்பகுதியில் அவர்கள் சற்றே பின்தங்குவதற்கு இதுவே காரணமாகலாம்.

தசை வளர்ச்சியும் இதற்குத் துணைநிற்கிறது. குபோ குழுவினரின் ஆய்வில் முழங்காலை நீட்டும் தசைகளின் பருமன் இரு பிரிவினரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில், அதாவது 4.9, 4.6 விழுக்காடு கூடியது. ஆனால் பிட்டப் பெருந்தசை முழுவீச்சில் 6.7 விழுக்காடும் அரைவீச்சில் 2.2 விழுக்காடும் வளர்ந்தது. தொடையை உள்நோக்கி இழுக்கும் தசைகள் முறையே 6.2, 2.7 விழுக்காடு வளர்ந்தன. ஆழத்திலிருந்து எழுவதற்கு இடுப்பை நீட்டும் தசைகளின் பங்களிப்பு இன்றியமையாதது.

பயன்பாடும் வரையறையும்

தாழ்வான இருக்கையிலிருந்தோ தரையிலிருந்தோ எழுவதற்கு ஆழ்ந்த கோணங்களில் வலிமை தேவை. அதனை இழந்துவருபவருக்குக் குறுவீச்சில் மட்டும் எடையைக் கூட்டிக்கொண்டே செல்வது, ஏட்டில் முன்னேற்றத்தைக் காட்டினும் தேவையான இடத்தில் போதிய பயன் தராது போகலாம். மாறாக, மூட்டு வலியால் ஆழ்ந்து குந்த இயலாதவருக்கும், போட்டியில் குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் விசை தேவைப்படும் வீரருக்கும் குறுவீச்சு பொருத்தமான கருவியே.

மேற்கண்ட ஆய்வுகள் குறைந்த எண்ணிக்கையிலான ஆண்களிடம், மூன்று மாதங்களுக்கு மிகாத காலத்தில் நிகழ்த்தப்பெற்றவை. இவற்றின் முடிவுகளை முதியோருக்கோ பெண்களுக்கோ பிற மூட்டுகளுக்கோ அப்படியே பொருத்துதல் தகாது.

முடிவுரை

வலிமை என்பது கோணம் சாராத தனியொரு பண்பு அன்று. பயின்ற வீச்சில் அது மிகுதியாக வெளிப்படுகிறது. பொதுவான வலிமைக்கு முழுவீச்சை அடிப்படையாகக் கொள்வதும், குறிப்பிட்ட தேவைக்குக் குறுவீச்சைத் துணையாக்குவதும் ஏற்புடையன. உடற்கல்வி ஆய்வுகளில் தூக்கிய எடையுடன் மூட்டு மடங்கிய கோணத்தையும் பதிவு செய்தலும், இயன்றவரை இரு வீச்சுகளிலும் சோதித்தலும் கட்டாயமாதல் வேண்டும். கோணம் குறிக்கப்பெறாத முன்னேற்ற விழுக்காடு ஒப்பீட்டிற்கு உதவாது.