பியூஸ் யாரைக் காக்கிறது?

ஆவடிக்கு அருகேயுள்ள முத்தாபுதுப்பேட்டை போன்ற ஊர்களில் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் வீட்டுச் சுவர்களெல்லாம் ஓதம் காக்கும். அச்சமயம் கிரைண்டரைத் தொட்டதும் 'சுர்'ரென்றால், "பியூஸ்தான் இருக்கிறதே, பயமென்ன?" என்பார் வீட்டுக்காரர்.

பியூஸும், அதன் ஸ்தானத்துக்கு வந்திருக்கும் எம்.ஸி.பி.யும் காப்பது கம்பியைத்தான்; மனிதரை அல்ல. 5 ஆம்பியர் பியூஸ் உருக அதற்கு மேற்பட்ட மின்சாரம் ஓடவேண்டும். ஓர் உயிரைப் போக்கவோ அதில் 50-ல் ஒரு பங்கே போதும்!

பிளக்கின் மூன்றாவது முளை மற்ற இரண்டையும்விடச் சற்று நீண்டு பருத்திருப்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். செருகும்போது அதுவே முதலில் பூமியோடு தொடர்பு கொள்ளவேண்டும், எடுக்கும்போது கடைசியில் விலகவேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. இயந்திரத்தின் உலோக உடலில் கசியும் மின்சாரம் அவ்வழியே பூமிக்குள் இறங்கிவிடும். நம்மவர்களோ இரண்டு துளைப் பலகையில் செருகுவதற்காக அதை ஒடித்தே எறிந்துவிடுகிறார்கள். என்ன சாமர்த்தியம்!

பூமிக்கம்பி பழுதானாலும் காவல் நிற்பது ஆர்.ஸி.ஸி.பி. என்னும் கருவி. போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீடுகளுக்கான கருவி 30 மில்லி ஆம்பியர் வேற்றுமை கண்டாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன்மேல் 'டி' என்றொரு பொத்தான் இருக்கிறது. மாதமொருமுறை அதை அழுத்திப் பாருங்கள். கருவி விழவில்லையென்றால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியனுப்புங்கள்.